பெந்தோங் குடிலில் வெயிலை எண்ணிய நாள்

கோலாலம்பூரிலிருந்து காராக் நெடுஞ்சாலையில் ஏறி, தித்திவங்சா மலைத்தொடரைக் கடந்து இறங்கினால் பெந்தோங். பட்டணத்தைத் தாண்டி, தார்ச்சாலை முடிந்த இடத்திலிருந்து செம்மண் பாதையில் இரண்டு கிலோமீட்டர் போனால் அப்பாவின் டுரியான் தோட்டம் வரும். மின்கம்பங்கள் தார்ச்சாலையோடு நின்றுவிடுகின்றன. உள்ளே ஓர் ஓடையும், பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு குடிலும்தான்.

பழம் விழும் பருவத்தில் அப்பாவுக்கு இரவும் பகலும் அங்கேதான். வெளிச்சத்துக்குச் சின்ன ஜெனரேட்டர் இருக்கிறது. எண்ணெய் தீர்ந்தால் இருட்டுதான்.

போன பருவத்தில் ஒரு சனிக்கிழமை பார்க்கப் போனேன். பெட்டியிலிருந்த ஐஸ் முழுக்க உருகி, அப்பாவின் இன்சுலின் வெதுவெதுப்பான தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். “ரெண்டு நாள்தானே ஆச்சு, ஒன்னும் ஆகாது” என்றார். அன்றுதான் குடிலுக்கு சோலார் போடுவதென்று முடிவு செய்தேன்.

தகடுகளின் விலையை விசாரிக்கப் போனவனை, பழக்கமான வயர்மேன் ஒருவர் தடுத்தார். “தகடு கடைசி வேலை. ஒரு நாளைக்கு எவ்வளவு மின்சாரம் வேணும்னு முதல்ல எழுதிட்டு வாங்க” என்றார்.

எழுதினோம். 7 வாட் விளக்கு நான்கு, 5 மணி நேரம்: 140 வாட்-மணி. 25 வாட் காற்றாடி, 8 மணி நேரம்: 200. கைப்பேசிகளுக்கு 30. ஓடைத் தண்ணீரை ஏற்றும் பம்ப் அரை மணி நேரம்: 100. பேட்டரியில் ஓடும் சின்னக் குளிர்பெட்டி: சுமார் 500. மொத்தம் 970. அப்பா பென்சிலை வாங்கி, ‘ரேடியோ 30’ என்று கடைசியில் சேர்த்தார். மின்னல் எஃப்.எம். இல்லாமல் காவல் எப்படி? ஆக, 1,000.

மழை மாதங்களையும் மலை மேகத்தையும் நினைத்து, ஒரு நாளைக்கு 3 மணி நேர முழு வெயில் என்றே கணக்கிட்டோம். வழியில் வீணாவது போக 70 விழுக்காடுதான் கைக்கு வரும். அப்படியானால் 250 வாட் தகடு இரண்டு வேண்டும். வெயிலே இல்லாமல் இரண்டு நாள் தாங்க, 24 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி.

கணக்கு முடிந்தது. சிக்கல் கூரையில் இருந்தது. குடிலுக்குக் கிழக்கே நிற்பது, நிலம் வாங்கிய ஆண்டில் அம்மா நட்ட டுரியான் மரம். காலை வெயிலை அதுதான் மறைக்கிறது. தகட்டின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே மின்சாரம் வெகுவாகக் குறையும். மத்தியான வெயிலை நம்பலாமென்றால், அங்கே பிற்பகலில்தான் மேகம் திரண்டு மழை கொட்டும். மரத்தை வெட்டலாமா என்று கேட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை.

அடுத்த வாரம் போனபோது ஓடைக்கரை வெட்டவெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குச்சிகள். மணிக்கொரு முறை நிழல் எதுவரை வருகிறது என்று குச்சி நட்டு, நோட்டில் நேரம் குறித்திருந்தார். “எட்டரையிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் இங்க நிழலே இல்ல. மரம் இருக்கட்டும்ப்பா.”

அங்கிருந்து குடில் 30 மீட்டர். இரண்டு தகடுகளையும் தொடராக இணைத்தால் மின்னழுத்தம் கூடி, ஆம்பியர் குறையும். நீளமான கம்பியிலும் இழப்பு அதிகமிருக்காது. அதற்கேற்ற எம்பிபிடி கட்டுப்பாட்டுக் கருவி பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கும். நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தகட்டை அதிகம் சாய்க்க வேண்டியதில்லை. 10 டிகிரி போதும். விழும் இலை தழைகளை மழையே கழுவிவிடும். காலை வெயிலுக்காகக் கிழக்கே சாய்க்கிறோம். இடி மின்னலுக்கு எர்த் கம்பியும் மின்னதிர்வுத் தடுப்பானும் கட்டாயம். இணைக்கும் வேலை வயர்மேனுடையது. அதில் நாங்கள் கை வைக்கப்போவதில்லை.

இப்போது ஓடைக்கரையில் நான்கு குச்சிகள் நிற்கின்றன. அடுத்த பருவத்துக்குள் அந்த இடத்தில் இரும்புத் தூண்கள் நிற்கும். முதலில் குளிர்பெட்டிக்குத்தான் மின்சாரம் என்று சொல்லியிருக்கிறேன். அப்பா தலையாட்டினார். ஆனால் ரேடியோவை இப்போதே குடிலில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.