வேலியில்லாத ஊற்று

சென்ற வருடம் உம்றாவை முடித்த பின் எனக்கும் மனைவிக்கும் சில நாட்கள் கையிலிருந்தன. மனைவியின் தம்பி சவூதி அரேபியாவின் அல்பாஹா நகரில் சாரதியாக வேலை செய்கிறார். "மச்சான், மலைநாட்டையும் ஒருக்கா பார்த்துட்டுப் போங்க" என்று வற்புறுத்தி, தாயிஃப் வழியாக எங்களை அழைத்துச் சென்றார்.

அரபு நாடென்றால் மணல்வெளி என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அல்பாஹாவோ கடல் மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேல், சராத் மலைத்தொடரில் உள்ளது. காலையில் மூடுபனி, பாதையோரத்தில் உணவுக்குக் காத்திருக்கும் குரங்குக் கூட்டம். நுவரெலியாவுக்கு வந்துவிட்டோமோ என்றிருந்தது.

அங்கிருந்து சுமார் 24 கிலோமீற்றரில் தீஐன் கிராமம். மலையைக் குடைந்த சுரங்கப் பாதைகள் பலவற்றினூடாகக் கீழே இறங்க வேண்டும். இறங்க இறங்கக் குளிர் விலகி, திஹாமா சமவெளியின் வெப்பம் முகத்தில் அடித்தது. ஒரு வளைவில் திரும்பியதும் வெண்ணிறப் பளிங்குக் குன்றும், அதன்மேல் அடுக்கடுக்காய்க் கல்வீடுகளும், அடிவாரத்தில் பச்சைப் பசேலென்று வாழைத் தோட்டமும் தெரிந்தன. "மாஷா அல்லாஹ்!" என்றார் மனைவி.

ஏறத்தாழ 400 ஆண்டுகள் பழைமையான ஊர் இது. சுமார் ஐம்பது வீடுகள். சில நான்கு தட்டுகள் கொண்டவை. கூரைகளைத் தாங்குபவை இலந்தை மரங்கள். ஜனாஸாவைக் குளிப்பாட்ட நாம் இலை தேடும் அதே மரந்தான். மேல் விளிம்புகளில் வெண்கற்களை முக்கோண வடிவில் பதித்து அழகுபடுத்தியிருக்கிறார்கள். சின்னஞ்சிறு பள்ளிவாசலும் உண்டு. இன்று அந்த வீடுகளில் குடியிருப்போர் இல்லை. அரசு அவற்றைத் திருத்திப் பாதுகாக்கிறது. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் 2015ஆம் ஆண்டு இவ்வூர் சேர்க்கப்பட்டது.

'ஐன்' என்றால் ஊற்று. தன் கைத்தடியை ஓடையில் தவறவிட்ட ஒருவர், அதைத் தேடி நீரின் போக்கிலேயே வந்து, இங்கு தோண்டி ஊற்றைக் கண்டார் என்பது அவ்வூர்க் கதை. கதை எப்படியோ, தண்ணீர் கண்முன்னே ஓடுகிறது. மலையிலிருந்து வரும் அந்நீர் வாய்க்கால் வழியே தோட்டம் தோட்டமாகப் பிரிகிறது. வாழையோடு தாழையும் வளர்கிறது. 'காதி' எனப்படும் அதன் பூவை அங்குள்ள பெண்கள் வாசனைக்காக விரும்பிச் சூடுகிறார்கள். நமது குசினியில் சோற்றுக்குப் போடும் ரம்பையும் இதே இனந்தான்.

மனைவி வாய்க்காலில் கைநனைத்தபடி வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "இவ்வளவு பேருக்கும் ஒரே ஊற்றுத்தானே. நம்மட கிணத்துக்கு மட்டும் ஏன் வேலி?" என்று கேட்டார்.

சகோதரிகளே, எனக்கு வாயடைத்துப் போயிற்று. வாப்பா வெட்டிய கிணற்றை, அவர் மௌத்தான பின் எல்லைத் தகராறில் முள்கம்பி போட்டு மறித்தவன் நான். நானாவின் வீட்டார் மூன்று வருடங்களாகக் குழாய்த் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். தண்ணீர் பொதுவானது என்ற ஹதீஸை வகுப்பில் பலமுறை ஓதிக்கொடுத்தவனும் நானே. அதை என் வீட்டு முற்றத்திற்குக் கொண்டுவர ஒரு வாய்க்கால் தேவைப்பட்டது.

ஊர் திரும்பியதும் ஸம்ஸமும் பேரீச்சம்பழமும் எடுத்துக்கொண்டு முதலில் நானாவிடம் போனேன். மாப்புக் கேட்டேன். அவர், "உட்கார், தேத்தண்ணி குடி" என்றார், வேறெதுவும் பேசவில்லை. அன்று அஸருக்குப் பிறகு கம்பியை நானே அறுத்தேன். மதினி உடனே வரவில்லை. ஒரு கிழமை கழித்து அவரது இளைய மகள் வாளியோடு வந்து, "சாச்சா, அள்ளட்டா?" என்று கேட்டாள்.

பயணம் போகிறவர்கள் படமும் பரிசும் கொண்டு வருகிறோம். அவற்றோடு, நம் வீட்டில் திருத்த வேண்டிய ஒன்றையும் கண்டு வந்தால் அதுவே பயணத்தின் பரக்கத்.