விமானத்தில் போகும் கிட்டார்... பெட்டி உறுதியாக இருந்தால் மட்டும் போதுமா?

2008-ல் கனடா பாடகர் டேவ் கரோல் வந்த விமானம் சிகாகோவில் நின்றது. ஜன்னல் வழியே பார்த்த சக பயணி ஒருவர், கீழே கிட்டார்களைத் தூக்கி எறிவதாகப் பதறினார். அதில் கரோலின் 3,500 டாலர் டெய்லர் கிட்டார் உடைந்தது. இழப்பீடு கிடைக்காத கோபத்தில் 2009-ல் அவர் வெளியிட்ட பாட்டு, யூடியூபில் உலகையே சுற்றி வந்தது. ஆனால், 1,200 டாலர் செலவழித்துச் சரிசெய்தும், கிட்டாரின் பழைய சிறப்பு திரும்பவில்லை.

இந்தப் பயத்தால்தான் ஊர் ஊராகப் போகும் கலைஞர்கள் ஃபைபர்கிளாஸ், கார்பன் ஃபைபர் பெட்டிகளுக்குப் பெரும் பணம் கொடுக்கிறார்கள். கார்பன் ஃபைபரில் எடை குறைவு, விலை அதிகம்.

ஆனால், வெளி ஓடு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், உள்ளே கிட்டார் ஆடினால் பயனில்லை. பெட்டி விழும் வேகத்தில் கழுத்து முறிந்துவிடும். கழுத்துக்கு அடியில் மெத்தென்ற தாங்கல் வேண்டும். தலைப்பகுதி எங்கும் இடிக்கக் கூடாது.

எனவே, பெட்டி வாங்கப் போகும்போது கிட்டாரையும் கையோடு கொண்டுபோவது நல்லது. உள்ளே வைத்து மூடி, லேசாக அசைத்துப் பார்க்க வேண்டும். சத்தம் கேட்டால், என்ன விலை என்றாலும் அது அந்தக் கிட்டாருக்கான பெட்டி அல்ல.