ஆலத்தித் தண்ணியும் நான் சொல்ல மறந்த பாதிப் பாடமும்



போன கிழமை தரம் 7 பிள்ளைகளுக்கு அமிலம், மூலம் பாடம் எடுத்தேன். பாசிச்சாயத்தாள் கைவசம் இல்லை. அதனால் வீட்டிலிருந்து மஞ்சள்தூள், சவர்க்காரம், தேசிக்காய் மூன்றையும் எடுத்துக்கொண்டு பசறை பஸ் ஏறினேன்.

மஞ்சள் கரைத்த தண்ணியில் சவர்க்காரத் தண்ணியை ஊற்றியதும் செக்கச் செவேலென்று மாறிவிட்டது. நான் விளக்கம் சொல்ல முதலே ஒரு பிள்ளை எழும்பி, "சேர், இது எங்க வீட்டு ஆலத்தித் தண்ணி" என்றாள். சரிதான். ஆலத்திக்கு மஞ்சளோடு சுண்ணாம்பு கலப்பார்கள். சவர்க்காரம் போலச் சுண்ணாம்பும் மூலம். எங்கட வீட்டிலும் இதே கதை உண்டு. ஜும்ஆவுக்கு உடுத்த வெள்ளை ஜுப்பாவில் புரியாணிக் கறை பட்டு, சவர்க்காரம் போட்டதும் சிவந்துபோக, உம்மா பதறிவிட்டார். தேசிக்காய் பிழிந்தால் அந்தச் சிவப்பு திரும்ப மஞ்சளாகும். வகுப்பில் அதையும் செய்து காட்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் பெருமைதான்.

அடுத்த நாள் ஒரு மகன் ஓடி வந்தான். "சேர், நானும் வீட்ல செஞ்சு பார்த்தேன். துணி வெளுக்குற தண்ணிய ஊத்தினேன், கலரே போயிருச்சு. தேசிக்கா விட்டும் திரும்பி வரல. மூக்குதான் எரிஞ்சிச்சு."

எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

வெளுக்கும் திரவத்தில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட்டு. அது நிறத்தை மாற்றுவதில்லை, சிதைத்துவிடும். அதனால்தான் திரும்பி வரவில்லை. அதோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வெளியேறும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் ஆயுதமாகப் பாவித்தது இதே வாயுவைத்தான். அவன் விட்டது நாலு சொட்டுத் தேசிக்காய்ச் சாறு, அதுவும் வாசலில் வைத்து. அல்ஹம்துலில்லாஹ். கழிவறை கழுவும் அமிலத்தை, லயத்துக் கழிவறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஊற்றியிருந்தால்? குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு பாரம். தாழ்வாகவே தங்கும், சின்னப் பிள்ளைகளின் மூக்கு இருக்கும் உயரத்தில்.

அவனை நான் ஏசவில்லை. கலந்து பார்க்கச் சொல்லிக் கொடுத்தது நான். எதைக் கலக்கக்கூடாது என்று சொல்லாததும் நான்தான். அன்றைக்கே மற்றப் பாடத்தை நிறுத்திவிட்டு இதைக் கரும்பலகையில் எழுதினேன்:

வெளுக்கும் திரவத்தோடு கழிவறை அமிலம், வினாகிரி, தேசிக்காய், அமோனியா எதையும் சேர்க்கக்கூடாது. தண்ணி மட்டும்தான்.

ஒன்றைப் பாவித்தால் நன்றாகத் தண்ணி ஊற்றிக் கழுவிய பிறகே மற்றது.

மூக்கு, கண் எரிந்தால் உடனே வெளியே காற்றோட்டத்துக்கு வரவேண்டும். மூச்சுத் திணறினால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ்.

கொஞ்சமாக வரும் குளோரின் கண்ணுக்குத் தெரியாது. நிறத்தைப் பார்த்து உஷாராக ஏலாது.

பெருநாளோ, தீபாவளியோ வந்தால் நாம் எல்லோரும் வீடு கழுவுகிறோம். போத்தலில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாத உம்மாமார், அம்மாமார் பக்கத்தில் இருந்தால், இதை ஒருக்கா வாசித்துக் காட்டுங்கள்.