நோயாளியிடமும் கேளுங்கள்

சர்க்கரை நோயாளி நோன்பு நோற்கலாமா என்ற வினா, ஷஅபான் பிறை தென்பட்டவுடனே நம் இல்லங்களில் எழுந்துவிடுகிறது. எங்கள் பெண்ணாடத்திலும் அப்படித்தான். (கரும்பு விளையும் மண்ணாயிற்றே என்று கேலி பேசுவோருண்டு. கரும்பின்மீது பழி வேண்டாம்!)

என் அன்னையாருக்கு இன்சுலின் ஊசி தொடங்கிய ஆண்டு, பக்கத்து நகரத்து மருத்துவர், "நோன்பு கூடாது" என்று இரண்டே சொற்களில் முடித்துவிட்டார். அம்மா தலையசைத்தார், முதல் நாளே நோன்பும் வைத்தார். சஹரில் போடும் ஊசி மருந்தின் அளவைத் தாமாகவே பாதியாக்கிக்கொண்டார். பன்னிரண்டாம் நோன்பன்று, அஸருக்குப் பின் கை நடுங்கி, உடல் வியர்த்து, முற்றத்துத் தூணைப் பற்றிக்கொண்டு அமர்ந்துவிட்டார். சர்க்கரைத் தண்ணீர் அருந்திய பிறகே நடுக்கம் அடங்கியது. அடுத்த முறை சென்றபோது மருத்துவர் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை.

நோயுற்றோர்க்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையை அம்மா அறியாதவரல்லர். ஊரே நோன்பிருக்கத் தாம் மட்டும் உண்பது அவர் மனத்துக்கு ஒப்பவில்லை. இந்த மனத்தை எந்தச் சோதனைக்கூடம் அளந்து சொல்லும்?

ஆயினும், ஒருமுறை கேட்டுப் பார்த்தார்கள். 2001-இல் இந்தியா உள்ளிட்ட 13 நாடுகளில் நடந்த 'எபிடியார்' ஆய்வு, 12,243 சர்க்கரை நோயாளிகளின் நிலையைத் திரட்டியது. இரண்டாம் வகை நோயுடையோரில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் குறைந்தது 15 நாட்கள் நோன்பு நோற்றிருந்தனர். இரத்தச் சர்க்கரை கடுமையாகத் தாழ்ந்துபோகும் நிகழ்வுகளோ, அவர்களிடையே ரமலானில் ஏழரை மடங்காகப் பெருகியிருந்தன. 'கூடாது' என்னும் சொல் யாரையும் காக்கவில்லை என்பது அப்போது வெளிப்பட்டது.

சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பும் 'டார்' கூட்டணியும் 2016-இல் வெளியிட்டு, 2021-இல் திருத்திய வழிகாட்டுதல் வேறு குரலில் பேசுகிறது. ரமலானுக்கு 6 முதல் 8 வாரம் முன்பே மருத்துவரைக் காணுங்கள். அவரவர் ஆபத்தை மதிப்பெண்ணிட்டுக் கணியுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேல் ஏறினாலோ நோன்பை முறித்துவிடுங்கள் என்கிறது. விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதையும் தெளிவாக்குகிறது. இதைக் கேட்டபோது எத்தனை பெண்கள் பெருமூச்சு விட்டார்கள் என்பதை நான் கண்டேன்.

என்றாலும், ஆய்வில் விடை சொல்வது வேறு. விதி வகுக்கும் அவையில் இடம்பெறுவது வேறு. பிரிட்டனில் 1999-இல் தோன்றிய 'நைஸ்' நிறுவனம், தன் வழிகாட்டுதல் குழுக்களில் நோயை அனுபவித்தோரையும் அவர்களைப் பேணுவோரையும் மருத்துவர்களுக்குச் சமமாக அமர்த்துகிறது. நம்மிலும் ஒருவர் அப்படி அமர்ந்தால் என்னென்ன கேட்பார்! பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி இரண்டு கோப்பை குடித்தால் சர்க்கரை எவ்வளவு ஏறும்? பிற்பகல் முழுதும் அடுப்படி வெக்கையில் நிற்பவளுக்கு மருந்தளவு அதுவேதானா? குளிர்பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை எங்கே வைப்பது? சோதனைப் பட்டை வாங்கக் காசில்லாதவர் 70-ஐ எப்படி அறிவது? பட்டம் பெற்றோர்க்கு இவ்வினாக்கள் தோன்றாதது அவர்கள் குற்றமன்று. அவர்கள் அந்த அடுப்படியில் நின்றதில்லை.

வரும் ஷஅபானில் பள்ளிவாசலில் ஒரு குறிப்பேடு வைக்கும்படி ஜமாஅத்தாரிடம் கேட்டிருக்கிறேன். ஆண்கள் தம் வினாக்களை அதில் எழுதட்டும். பெண்களிடம் வீடு வீடாகச் சென்று நானே எழுதி வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதைப் படித்துப் பார்க்க ஒரு மருத்துவரும் இசைந்திருக்கிறார்.