பாசிக்குடாவா, அறுகம்பையா? இன்பொக்ஸில் கேட்டவர்களுக்கு



போன கிழமை நான் போட்ட பாசிக்குடா படங்களைப் பார்த்துவிட்டு பத்துப் பதினைந்து பேர் இன்பொக்ஸில் கேட்டிருந்தீர்கள். "டீச்சர், சின்னப் பிள்ளைகளோட போகலாமா? அறுகம்பை நல்லமா, பாசிக்குடா நல்லமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத நேரமில்லை. அதோடு ஒரு விசயத்தைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்லவும் ஏலாது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாய்ந்தமருதுவிலிருந்து வடக்கே போனால் பாசிக்குடா, தெற்கே போனால் அறுகம்பை. தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படியென்றால் நாங்கள் எதை வைத்து முடிவெடுக்கிறோம்? வேன் நிறுத்த நிழல் இருக்கா, புரியாணிச் சட்டியை இறக்க இடமிருக்கா, படம் எடுத்தால் நல்லா வருமா. கடலைப் பற்றிக் கடைசியாகத்தான் யோசிப்போம். இரண்டு வருசத்துக்கு முதல் நானும் அப்படித்தான் ஓகஸ்ட் லீவுக்கு அறுகம்பைக்குப் போனேன்.

பெரிய அலை உடையும் பக்கம் பிள்ளையை விடக்கூடாது என்ற அளவுக்கு எனக்குத் தெரியும். அதனால் இடத்தைத் தேடித்தான் பிடித்தேன். இரண்டு பக்கமும் வெள்ளையாக அலை உடைந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு துண்டுக் கடல் மட்டும் கொஞ்சம் கருமையாக, அமைதியாகக் கிடந்தது. மகனை அங்கே இறக்கினேன். அப்போது அவனுக்கு எட்டு வயது. முழங்கால் அளவு தண்ணீர்தான். பாயை விரித்து, ஃபிளாஸ்க்கைத் திறந்து, நிமிர்ந்து பார்க்கிறேன், அவனுடைய தலை மட்டும் தெரிகிறது. கை அசைக்கவில்லை, கத்தவில்லை. கரையைப் பார்த்தபடியே பின்னால் போய்க்கொண்டிருந்தான்.

பிள்ளைகளின் வாப்பா உடுப்போடு பாய்ந்தார். அவருக்கும் நீந்தத் தெரியாது. பக்கத்தில் நின்றவர்கள் அவரைப் பிடித்து நிறுத்தியிருக்காவிட்டால் இரண்டு பேரைத் தேடவேண்டி வந்திருக்கும். வெளிநாட்டுக்காரர்களுக்கு அலைச்சறுக்குப் பழக்கும் உல்லைப் பொடியன் ஒருவன் பலகையில் படுத்தபடி கையால் வலித்துக்கொண்டு போனான். அலை உடையும் பக்கத்தால் சுற்றி வந்து மகனைக் கரையில் விட்டான். எல்லாம் ஐந்து நிமிசத்துக்குள். அல்ஹம்துலில்லாஹ்.

அவன் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "ராத்தா, தண்ணி ஓடுற இடமாப் பாத்துத்தான் நீங்க புள்ளைய விட்டிருக்கீங்க."

விளக்கமும் அவன்தான் சொன்னான். அலை கரைக்குக் கொண்டுவரும் தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். மணலில் பள்ளமான ஒரு வாய்க்காலால் அது வேகமாக வெளியே போகும். அந்த இடம் ஆழம் என்பதால் அங்கே அலை உடையாது. பார்க்க அமைதியாக இருக்கும். அதில் அகப்பட்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாதாம், களைத்துவிடுவோமாம். மிதந்துகொண்டே கரைக்குச் சமாந்தரமாக நகர்ந்தால் கொஞ்சத் தூரத்தில் இழுவை விட்டுவிடும். அங்கே உடையும் அலையே எங்களைக் கரைக்குத் தள்ளும். கடலுக்கு முன்னூறு மீற்றரில் பிறந்து வளர்ந்தவள் நான். ஆசிரியர் கலாசாலையில் வலைப்பந்துக்கும் கரப்பந்துக்கும் சட்டதிட்டம் மனப்பாடம் செய்தவள். இதை ஒரு பொடியனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

திரும்பி வரும்போது வேனில் பிள்ளைகளிடம் ஒன்று சொன்னேன். "உம்மம்மாட்ட சொல்லிடாதீங்க." வகுப்பில் உண்மை பேசச் சொல்லிக் கொடுக்கிற டீச்சர்.

ஏன் சொல்லக் கூடாது என்பது எங்கட ஊர்க்காரருக்கு விளங்கும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எனக்குப் பதினேழு வயது, காலை டியூஷனுக்குப் போயிருந்தேன். இந்த நாட்டிலேயே அதிகம் பேரை இழந்தது எங்கட அம்பாறை மாவட்டம். அன்று பின்னேரம், ஊருக்கு உள்ளே ஒரு பள்ளிக்கூடத்தில் உம்மா எங்கள் குடும்பத்தைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தா. சாச்சியும் அவட இரண்டு பிள்ளைகளும் எண்ணிக்கையில் வரவே இல்லை. அதற்குப் பிறகு உம்மா கடற்கரைக்குப் போகவில்லை. வீட்டு மாடியில் நின்றால் கடல் தெரியும் என்பதற்காக உடுப்புக் காயப்போடக்கூட மேலே ஏறமாட்டா.

இந்த வருசம் குடும்ப வட்ஸ்அப் குழுமத்தில் எங்கே போவது என்று வழமையான சண்டை. பாதிப்பேர் அறுகம்பை, பாதிப்பேர் பாசிக்குடா. மகன் போய் உம்மம்மாவிடம் தானாகவே சொல்லிவிட்டான், "நான் அறுகம்பைக்கு வரமாட்டன், அங்க என்னைக் கடல் இழுத்துப் போன."

உம்மா ஏசுவா என்று பார்த்தேன். இரவு முழுக்கப் பேசவில்லை. சுபஹுக்குப் பிறகு தேத்தண்ணியோடு வந்து இருந்தா. "நானும் வாறன் புள்ள. எண்ணுறத்துக்கு ஒரு ஆள் வேணும்."

அதனால் இந்த முறை கடலை முதலில் பார்த்துத்தான் இடத்தைத் தெரிவு செய்தோம். நான் விசாரித்ததையும் பார்த்ததையும் சொல்கிறேன்.

முதலில் காலம். எங்கள் கிழக்குக் கரைக்கு ஏப்ரலில் இருந்து செப்டம்பர் வரைதான் நல்லது. டிசம்பர் லீவு மாரி காலம், கடல் கொந்தளிக்கும். டிசம்பரில் கட்டாயம் கடல்தான் வேண்டுமென்றால் தெற்கே உனவட்டுன, வெலிகம, மிரிஸ்ஸ பக்கம் போங்கள். ஆனால் "கிழக்கில் ஓகஸ்ட் நல்லம்" என்பதும் எல்லாக் கரைக்கும் ஒன்றுபோலப் பொருந்தாது. அறுகம்பைக்கு உலகம் முழுக்கவிருந்து ஆட்கள் வருவதே அந்த மாதங்களில் தெற்கு இந்து சமுத்திரத்திலிருந்து வரும் பெரிய அலைக்குத்தான். அது முனையில் மோதி வலப்பக்கமாக நீளமாக உடைந்துகொண்டு போகும். அலைச்சறுக்குக்காரருக்கு அது விருந்து, ஏழு வயதுப் பிள்ளைக்கு அப்படியில்லை. அங்கேதான் போவதென்றால் முனைக்கு உட்பக்கம், தோணிகள் ஏற்றி வைத்திருக்கும் மூலையில் குளியுங்கள். இறங்க முதல் ஒரு மீன்பிடிக்காரரிடமோ அலைச்சறுக்குப் பழக்கும் பொடியன்மாரிடமோ "இன்றைக்கு எங்க இழுக்குது?" என்று கேளுங்கள். மணல் மாற மாற இழுவையின் இடமும் மாறும். போன வருசம் குளித்த இடம் என்று நம்பவேண்டாம்.

பாசிக்குடா வேறு மாதிரி. உள்வாங்கின குடா, வெளியே முருகைக்கல். அலை அங்கேயே உடைந்துவிடும். கரையிலிருந்து வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர்தான். எங்கள் குடும்பத்தில் ஆகவும் பயந்த ஆள் உம்மா, ஆகவும் சின்ன ஆள் தங்கச்சியின் மகள், நாலு வயது. அந்த இரண்டு பேருக்கும் ஏற்ற இடம் எது என்று பார்த்ததும் சண்டை முடிந்தது.

ஆனாலும் பாசிக்குடாவிலும் ஒரு பயம் இருக்கிறது. கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்குத்தான் அடிக்கும். தண்ணீர் தட்டையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதே காற்று காற்றடித்த டியூபையும் அதில் இருக்கும் பிள்ளையையும் மெல்ல மெல்ல வெளியே கொண்டு போகும். டியூப் கொண்டு போகாதீர்கள், அல்லது கயிறு கட்டி ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள். மோட்டார் படகு ஓடும் பக்கமும் வேண்டாம்.

இனிப் பெண்களுக்கு. ஆண்களும் பிள்ளைகளும் குளிக்க, நாங்கள் சட்டியையும் செருப்பையும் காவல் காக்கிறதுதான் எங்கட ஊர்ச் சுற்றுலா. இறங்கினாலும் அபாயாவோடு இறங்குவோம். நனைந்த அபாயா என்ன பாரம் என்பது இறங்கிப் பார்த்தவளுக்குத் தெரியும். முழங்கால் தண்ணீரிலேயே காலைச் சுற்றி விழுத்தும். இந்த முறை நானும் தங்கச்சியும் மெல்லிய துணியில் நீளக்கைச் சட்டையும் காற்சட்டையும் தைத்துக்கொண்டு போனோம். கிழமை நாள், காலை ஆறரை மணி, கரையில் ஆளில்லை. எட்டு மணிவரை குளித்தோம். எனக்கு முப்பத்தெட்டு வயது, கடலில் மல்லாந்து மிதந்தது அன்றுதான் முதல் தடவை. மகளுக்குப் பன்னிரண்டு வயது. அறுகம்பையில் 2018 இல் பெண்களே தங்களுக்கென்று அலைச்சறுக்குக் கிளப் தொடங்கியிருக்கிறார்கள் என்று எங்கேயோ வாசித்துவிட்டு, தானும் பழகவேண்டுமாம். முதலில் நீந்தப் பழகு, பிறகு பார்ப்போம் என்றிருக்கிறேன். "இல்லை" என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா?

உம்மா வேனுக்குப் பக்கத்தில், கடலுக்கு முதுகைக் காட்டித்தான் முதலில் இருந்தா. அப்படி இருந்தால் எண்ணமுடியாதே. கொஞ்ச நேரத்தில் கதிரையைத் திருப்பினா. ஒன்பது தலை. ஒன்று குறைந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுவா, நாங்கள் கை தூக்கவேண்டும். வெயில் ஏற ஏற நிழல் நகர்ந்தது, கதிரையும் நகர்ந்தது. பதினொரு மணிபோல் பார்க்கிறேன், கதிரையின் கால்கள் ஈரமணலில் நிற்கின்றன. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் எழும்பிப் போய்விடுவா என்று எல்லோருக்கும் தெரியும்.

நாலு வயதுக்காரி மட்டும் போய் உம்மம்மாவின் கால் பாதத்தைச் சுற்றி மணல் கோட்டை கட்டத் தொடங்கினாள். ஒரு சின்ன அலை வந்து கோட்டையைக் கரைத்தது. உம்மா காலை எடுக்கவில்லை. "தண்ணி சூடாத்தான் இருக்கு" என்றா.

பகல் சாப்பாட்டுக்கு எழும்பும்போது கதிரைக் கால் நாலும் மணலுக்குள் ஆழமாக இறங்கியிருந்தன. இழுத்தெடுக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.