பட்டாளத்துத் தாத்தாவின் ஊர்

சென்னைக் கடற்கரை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறி, இடப்பக்கச் சன்னலோரம் அமர்ந்துகொண்டால், வடசென்னையின் வரலாறு ஒவ்வொரு நிலையமாக நம் முன் வந்து நின்று போகும். முதலில் இராயபுரம். 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் தென்னிந்தியாவின் முதல் இரயில் வாலாஜா ரோட்டை நோக்கிப் புறப்பட்டது இங்கிருந்துதான். பிறகு வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர். எண்ணூரைக் கடந்ததும் வண்டி கொசத்தலையாற்றுப் பாலத்தின்மீது தடதடக்கும். அதற்கு அடுத்த நிலையம் அத்திப்பட்டு புதுநகர். அங்கே இறங்கித்தான் நான் என் தாயின் பிறந்த ஊராகிய வள்ளூருக்குச் செல்ல வேண்டும்.

சென்ற மாதம் அவ்வாறு சென்றேன். கையில் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் இருந்தது. அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

என் தாயின் தந்தையை வள்ளூரில் அனைவரும் 'பட்டாளத்துத் தாத்தா' என்றே அழைப்பர். இளமையில் அவர் சென்னைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். விடியுமுன் மீஞ்சூருக்கு நடந்து வந்து வண்டி பிடிப்பார். அவருடைய தந்தையோ அதற்கு முந்திய போரைக் கண்ணால் கண்டவர். 1914 செப்டம்பர் 22 இரவு 'எம்டன்' என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டெறிந்து எரித்தபோது, வள்ளூர்ப் பனந்தோப்பிலிருந்து தெற்கே வானம் சிவந்ததைப் பார்த்தாராம். எதற்கும் துணிந்தவனை 'சரியான எம்டன்' என்று நம்மவர் சொல்வது அந்த இரவு தந்த சொல்.

தாத்தாவின் போர் 1942இல் வந்தது. அவ்வாண்டு உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 5. அன்று காலை ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. அடுத்தது சென்னைதான் என்று எல்லாரும் நம்பினர். அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. மாட்டு வண்டியிலும் இரயிலிலும் கால்நடையாகவும் மக்கள் நகரை விட்டு வெளியேறினர். உயிர்க்காட்சிசாலையின் கொடிய விலங்குகள், கூண்டு உடைந்தால் வெளிவந்துவிடும் என்று சுட்டுக்கொல்லப்பட்டன. வங்கக் கடலில் கப்பல் போக்குவரத்து நின்றது. கப்பல் வராத துறைமுகத்தில் மூட்டை சுமப்பவனுக்கு என்ன வேலை? மூன்று பிள்ளைகளோடு பட்டினி கிடந்த தாத்தா பட்டாளத்தில் சேர்ந்தார். தேசப்பற்றோ மன்னர்பற்றோ அதில் இருந்ததாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மாதந்தோறும் பாட்டிக்கு மணியார்டர் வரும் என்பதே அவர் அறிந்த காரணம். போர் முடியும்போது இருபத்தைந்து இலட்சத்தை எட்டியிருந்த இந்தியப் படையில், அவரைப் போல் வயிற்றுக்காகச் சேர்ந்தவர் பலர்.

சிறுவர்களாகிய எங்களுக்கு அவர் சொன்ன போர்க்கதைகள் பெரும் ஏமாற்றமே தந்தன. "எத்தனை ஜப்பான்காரனைச் சுட்டீங்க தாத்தா?" என்று கேட்போம். "மண்ணைத்தான் வெட்டினேன்" என்பார். அவர் இருந்தது பயனியர் படையில். திமாப்பூரிலிருந்து கோகிமா வழியாக இம்பாலுக்குச் செல்லும் மலைச்சாலையை அகலப்படுத்துவதும், மழையில் சரிந்த மண்ணை அள்ளுவதும், பாலத்துக்குக் கல் அடுக்குவதுமே பணி. 1944 ஏப்ரலில் ஜப்பானியப் படை கோகிமாவை முற்றுகையிட்டது. இம்பால் சாலை மீண்டும் திறந்தது ஜூன் 22ஆம் நாள். அந்தச் சாலை இல்லையேல் இம்பாலில் இருந்தவர்க்குச் சோறும் இல்லை, தோட்டாவும் இல்லை என்பதைப் பின்னாளில் நூல்களில் படித்து அறிந்தேன். தாத்தாவோ அதை ஒரு பெருமையாகக் கருதியதில்லை. அவருக்கு நினைவில் நின்றவை அட்டைப்பூச்சிகளும், ஓயாத மழையும், மலேரியாவுக்கென்று விழுங்கிய கசப்பு மாத்திரையும், பர்மாவிலிருந்து நடந்தே வந்து வழியில் மடிந்த நம்மவரின் எலும்புகளுமே. அந்த எலும்புகளைப் பற்றி மட்டும் எங்களுக்கு முழுவதும் சொல்லமாட்டார். பேச்சை நிறுத்திவிட்டு வெற்றிலையைத் தேடுவார்.

இங்கே வள்ளூரைச் சுற்றியும் போர் தன் தடத்தை விட்டுச் சென்றது. மேற்கே சோழவரத்தில் அமைந்த விமான ஓடுதளத்தில் போருக்குப் பின் பல்லாண்டுகள் கார்ப் பந்தயங்கள் நடந்தன. புழல் ஏரியில் தண்ணீரில் இறங்கும் 'காடலினா' விமானங்கள் இருந்தன. ஏரியில் விமானம் மிதந்ததைப் பாட்டி சொன்னபோது, நாங்கள் அவர் கதை கட்டுவதாக எண்ணினோம்.

தாத்தா 1946இல் திரும்பினார். கொண்டுவந்தவை ஒரு தகரப் பெட்டி, ஒரு கம்பளி, இரண்டு பதக்கங்கள். ஒன்று வெள்ளை நிறம். மற்றொன்று மஞ்சள் உலோகத்தில் ஆறு முனை விண்மீன். பர்மாப் போர்முனையில் பணியாற்றியவர்களுக்கு அளித்தது. அந்தப் பதக்கங்களை அவர் அணிந்து நான் கண்டதில்லை. பெட்டியில் மண்வெட்டிப் பூணுக்கும் பழைய ஆணிகளுக்கும் நடுவே அவை கிடந்தன.

இனி என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். 1971 கோடை விடுமுறை. எனக்கு எட்டு வயது. தெருவில் "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்ற குரல் கேட்டது. வீட்டில் எவருமில்லை. பெட்டியைத் திறந்து, பித்தளை என்று எண்ணி அந்த விண்மீனை எடுத்துக்கொண்டு ஓடினேன். வண்டிக்காரர் அதைக் கையில் வைத்து எடைபார்த்து, ஒரு கைப்பிடி பழத்தைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். மாலையில் தாத்தா பெட்டியைத் திறந்தார், மூடினார். கொல்லையில் ஒளிந்திருந்த என்னிடம் வந்து, "நல்லா இனிச்சுதா?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு அவர் இறந்த 1991 வரை அப்பேச்சை எடுக்கவில்லை. அடித்திருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன்.

வள்ளூர் இன்று நான் அறிந்த ஊர் அன்று. பனந்தோப்பு இருந்த திசையில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் நிற்கின்றன. மூன்று அலகுகள், ஒவ்வொன்றும் 500 மெகாவாட். கிழக்கே எண்ணூர்த் துறைமுகத்திற்கு வரும் நிலக்கரி இவ்வட்டாரத்துக்கே உணவு. கழிமுகத்தில் சாம்பல் படிந்து மீன் குறைந்ததை மீனவர் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டனர். ஆற்றை மறித்து நிற்கும் பழைய அணைக்கட்டு மட்டும் அடையாளம் காட்டியது. தாத்தா திரும்பி வந்தபின் அந்தப் பாசன நிலங்களில் வரப்பு வெட்டியே காலம் தள்ளினார். நம் நாட்டு வேலைக்கும் இராணுவ வேலைக்கும் மண்வெட்டி ஒன்றுதானே என்பார்.

நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. 1952இல் அமைந்தது. எண்ணூற்றைம்பதுக்கு மேற்பட்ட கல்லறைகள். புல் ஒரே அளவாக வெட்டப்பட்டு, பூச்செடிகள் நடப்பட்டு, அவ்வளவு தூய்மை! இரங்கூன் அருகே தாவ்க்யானில் கல்லறை இல்லாத ஏறக்குறைய 27,000 வீரர்களின் பெயர்களைத் தூண்களில் பொறித்திருக்கின்றனர். இறந்தவர்க்கு அது தகும். உயிரோடு திரும்பி வந்து, வரப்பு வெட்டி, வயதாகி இறந்தவரின் பெயரை யாரும் கல்லில் வெட்டுவதில்லை. என் தாத்தாவின் பெயர் உலோகத்தில் இருந்தது ஓரிடத்தில்தான். அந்த விண்மீனின் பின்புறத்தில் எண்ணோடு சேர்த்துப் பொறித்திருந்தார்கள். அதைத்தான் நான் விற்றுத் தின்றேன்.

மாமாவுக்கு இப்போது எழுபத்தைந்து வயது. திண்ணையில் அமர்ந்திருந்தார். பழப் பொட்டலத்தை அவர் கையில் வைத்து, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக எவரிடமும் சொல்லாததைச் சொன்னேன். மாமா சிரித்தார்.

"தெரியும்டா மருமகனே. அன்னைக்கு நீ கொல்லையில் ஒளிச்சு வச்ச பழத்துல ரெண்டு நான்தான் எடுத்துத் தின்னேன். எங்கப்பாகிட்ட நானும் சொல்லலை."

பிறகு எழுந்து உள்ளே சென்று, நெகிழிப் பையில் சுற்றிய ஒரு சிறு புத்தகத்தைக் கொண்டுவந்தார். தாத்தாவைப் படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த புத்தகம். ஓரங்களைக் கரையான் தின்றிருந்தது. நடுப்பக்கம் தப்பியிருந்தது. பெயர், எண், ஊர் வள்ளூர், செங்கற்பட்டு மாவட்டம், உயரம், மார்பில் ஒரு மச்சம், நடத்தை 'மிக நன்று', இடக்கைப் பெருவிரல் ரேகை. பதக்கங்களுக்குரிய இடத்தில் பர்மா விண்மீன் என்று மையில் எழுதியிருந்தது. மை பழுப்பேறியிருந்தாலும் படிக்க முடிந்தது.

"நீ கொண்டு போ. இங்கே இருந்தா மீதியையும் கரையான் தின்னுடும்" என்றார் மாமா.

நான் மறுத்தேன். இருவருமாக ஆட்டோவில் மீஞ்சூருக்குச் சென்று, ஒரு கடையில் பக்கம் பக்கமாக நகல் எடுத்தோம். ரேகை இருந்த பக்கம் முதலில் கறுப்பாக விழுந்தது. கடைக்காரப் பையன் பொறுமையாக இருமுறை மாற்றி எடுத்தான். "யாருங்க இவரு?" என்று கேட்டான். மாமா தம் தந்தையின் பெயரை முழுமையாக, இராணுவ எண்ணோடு சேர்த்துச் சொன்னார். அந்த எண்ணை அவர் புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னார்.