கம்பியும் காட்சியும்

கொசுவலை அடித்த ஜன்னலுக்குப் பின்னால் வாழாத விடுதி மாணவர் நம்மில் யார்? தூசி படிந்த அந்த வலையைப் பிய்த்து எறிந்துவிட்டு, வெளியே நிற்கும் வேப்பமரத்தைக் கண்குளிரப் பார்க்கவேண்டுமென்று ஒருநாளாவது எண்ணாதவரும் இரார். நான் அந்த எண்ணத்தை ஓரிடத்தில் செயலிலேயே காட்டினேன். அதனால் பெற்ற பாடத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

2023ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஃபோர்ட் மையர்ஸ் நகரத்தை அடுத்த ஊர். பேரனைப் பார்த்துக்கொள்ள அம்மா எனக்கு முன்பே அங்கு சென்றிருந்தாள்.

அந்தப் பக்கத்தில் கொல்லையில் நீச்சல்குளம் இருந்தால், அதைச் சுற்றி அலுமினியக் கால்களை நட்டு, பக்கங்களிலும் தலைக்கு மேலும் வலை அடித்துப் பெரிய கூண்டாகவே கட்டிவிடுகிறார்கள். கொசுவும் சருகும் பாம்பும் உள்ளே வாரா. வீட்டை ஒட்டிய நிழற்பகுதிக்கு ‘லனாய்’ என்று பெயர். ஹவாய் மொழியிலிருந்து வந்த சொல். அம்மா அதற்கு இட்ட பெயர் ‘வலை போட்ட திண்ணை’. கூண்டுக்கு அப்பால் புல்தரை. அதற்கு அப்பால் ஓர் ஏரி. ஆனால் அம்மாவின் நாற்காலிக்கு நேர் எதிரே இரண்டு கால்கள் மறித்து நின்றன.

“இந்த வயதில் என்னைக் கம்பி எண்ண வைத்துவிட்டாயே!” என்று அக்காளிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்புத்தான், எனினும் தெருவைப் பார்த்த திண்ணையிலேயே காலம் கழித்தவள் அவள் என்பது எனக்குத் தெரியாதா?

2022 செப்டம்பர் 28 அன்று அந்தக் கரையைத் தாக்கிய ‘இயன்’ புயலில் ஏரிப் பக்கத்து வலை கிழிந்து போயிருந்தது. வேலையாட்கள் கிடைக்காமல் பழுது பார்ப்பது தள்ளிக்கொண்டே போயிற்று. நான் கிழிசலைச் சுருட்டிக் கட்டினேன். கூண்டின் கதவு தானாகச் சாத்திக்கொள்ளாதபடி ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்தேன். ஏரி பளிச்சென்று தெரிந்தது. அம்மா முகத்திலும் மலர்ச்சி. பெரிய காரியம் செய்துவிட்டதாக எனக்கு ஒரே பெருமை!

மறுநாள் பிற்பகல். நான் கைப்பேசியில் ஆழ்ந்திருந்தேன். “குழந்தை எங்கேடா?” என்றாள் அம்மா. நீச்சல்குளத்தைச் சுற்றித் தனியாக ஒரு வேலி உண்டு; ஆகவே அந்தப் பக்கம் பயமில்லை. அம்மா தலையை ஒருபுறம் சாய்த்து, அந்தக் கால்களுக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள். மஞ்சள் சட்டை! இரண்டு வயதுப் பையன் செங்கல் வைத்த கதவு வழியே இறங்கி, ஏரிக்குப் பத்தடி தூரத்தில் நின்றிருந்தான். அந்நாட்டு ஏரிகளில் முதலை இருப்பது அதிசயமன்று. நான் ஓடிய ஓட்டத்தை இன்றைக்கு நினைத்தாலும் உடல் நடுங்குகிறது.

குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. அக்காள் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அன்றிரவு அம்மாதான் சொன்னாள்: “கதவைத் திறந்து வைத்தது உன் தப்பு. ஆனால் குழந்தையை என் கண்ணுக்கு மறைத்தது அந்தக் கால். காவலும் வேண்டும், கண்ணுக்குத் தெரியவும் வேண்டும்.”

அடுத்த வாரம் கூண்டு கட்டுபவர் ஒருவர் கிடைத்தார். கால்களை வெறுமனே பிடுங்கிவிட முடியாது என்று அவர் விளக்கினார். வலையில் துளைகள் இருந்தாலும் பெருங்காற்று அதைப் பாய்போலத் தள்ளும். கால் குறைந்தால் மேலே ஓடும் உத்தரம் அந்தப் பாரத்தையும் தாங்கவேண்டும். 1992ஆம் ஆண்டு ‘ஆண்ட்ரூ’ புயல் அழித்த அழிவுக்குப் பின் அங்கே கட்டட விதிகள் கடுமையாயின. ஆகவே பொறியாளர் வரைபடமும் அரசாங்க அனுமதியும் பெற்று, கனத்த உத்தரம் ஏற்றிய பிறகே இரண்டு கால்களும் அகன்றன.

வலையிலும் விஷயம் இருந்தது. ஓர் அங்குலத்துக்கு 20க்கு 20 இழை நெய்த வலை, கண்ணுக்குத் தெரியாத கடிபூச்சியையும் தடுக்கும். ஆனால் காற்றும் காட்சியும் குறையும். 18க்கு 14 இழை வலை அதைவிடத் தெளிவு. நிறமோ கறுப்பு. வெளிர்நிற வலை வெயிலைச் சிதறடித்துக் கண்ணைக் கூசவைக்கும். கறுப்பு வலை ஒளியை விழுங்கிக்கொள்வதால், பார்வை வலையில் தங்காமல் அப்பால் செல்லும். அந்திவேளையில் உள்ளே போய்விடுவதாக அம்மா வாக்களித்ததன்பேரில், 18க்கு 14 கறுப்பு வலையே வந்தது. சட்டத்தின் பள்ளத்தில் வலையை வைத்து, ரப்பர்க் கயிற்றை அழுத்தி இறுக்கினார்கள். கதவுக்குப் புதிய தாழ்ப்பாள், குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில். செங்கல்லை நானே தோட்டத்து மூலையில் கொண்டுபோய்ப் போட்டேன்.

தடை வேறு, காவல் வேறு என்பதை நான் அங்கேதான் கற்றேன். காவலைத் தடையென்று எறிவது எளிது. தடையை மட்டும் நீக்கிக் காவலை நிறுத்திக்கொள்ளத்தான் உழைப்பு வேண்டும்.

விடுதிக்குத் திரும்பியதும், என் ஜன்னல் வலையைக் கழற்றித் தண்ணீர் விட்டுக் கழுவி மறுபடியும் மாட்டினேன். வேப்பமரம் தெளிவாகவே தெரிகிறது. சென்ற வாரம் அம்மா தொலைபேசியில் பேசினாள்.

“இப்போதும் கம்பி எண்ணுகிறாயா, அம்மா?” என்றேன்.

“இல்லையடா. கொக்கு எண்ணுகிறேன்” என்றாள்.